த்ரீ பேஸ் வரும்வரை பார்த்த படம்

போன வாரம் யூடியூபில் எதையோ தேடப்போய் அந்தப் படம் வந்து நின்றது. பிளாக்மெயிலை வைத்து எடுத்த த்ரில்லர். வந்த காலத்தில் மயிலாடுதுறையில் நாலு நாள்கூட ஓடவில்லை. இப்போது அதன் கீழே பத்திருபது பேர் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். "இவ்வளவு நல்ல படம் எப்படி ஓடாமல் போனது?" என்கிறார் ஒருவர். "இரண்டாம் பாதி இழுவை" என்கிறார் இன்னொருவர். "முதல் நாளே புருஷனிடம் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் படம் முடிந்திருக்கும்" என்று எழுதியவருக்குத்தான் நிறைய கைதட்டல். அவர் எங்கள் அப்பாவாக இருக்க முடியாது, அப்பாவுக்கு யூடியூபில் எழுதத் தெரியாது. கருத்து என்னவோ அச்சு அசல் அப்பாவுடையது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறை. உள்ளூர் கேபிள்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு படம் போடுவார். எது கைக்குக் கிடைத்ததோ அது. அன்றைக்கு இது. கூடத்தில் அப்பா, பெரியப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை அப்பாவின் தங்கை. இருபத்தைந்து வயது, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு வேதாரண்யத்து மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். ஒரு மாதத்தில் பூ வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

படத்தில் ஒரு பெண். நல்ல இடத்தில் கல்யாணம் ஆனவள். அவளுடைய பழைய புகைப்படம் ஒன்று ஒருவன் கையில் சிக்கிவிடுகிறது. வாரா வாரம் வந்து எதையாவது கேட்பான். தயங்கினால் குரலைக்கூட உயர்த்தாமல், "சொல்லிடட்டுமா?" என்பான். அவ்வளவுதான், அவள் கொடுத்துவிடுவாள். எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. அடி கிடையாது, கத்தி கிடையாது, ஒரே ஒரு வார்த்தை.

இடைவேளை வருகிற நேரத்தில் த்ரீ பேஸ் வந்துவிட்டது. எங்கள் பக்கம் போர் மோட்டாருக்கான அந்த மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், சில மணி நேரம்தான் இருக்கும். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, குறுவை நாற்றங்கால் போர் தண்ணீரை நம்பிக் கிடந்தது. படமாவது ஒன்றாவது, அப்பாவும் பெரியப்பாவும் துண்டை உதறிக்கொண்டு கொல்லைப்புற வழியாக வயலுக்கு ஓடினார்கள். ஊரில் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடியதில் வோல்டேஜ் இறங்கி, டிவியில் படம் ஓரங்களில் சுருங்கியது. டீ ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்து அம்மா என்னையும் பின்னாலேயே அனுப்பிவிட்டாள். போனவள் மோட்டார் தொட்டியில் இறங்கி ஆட்டம் போட்டேன். அம்மா படத்தின் பாதியிலேயே தூங்கிவிட்டாளாம். ஆக, எங்கள் வீட்டில் முழுப் படத்தையும் பார்த்தது அத்தை ஒருத்திதான்.

சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்து தோசைக்கு உட்கார்ந்தார்கள். அத்தை சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அந்தப் படத்துல வர்ற பொண்ணு செஞ்சது சரியா, தப்பா?"

பாதிப் படம் பார்த்தவருக்கு முழுத் தீர்ப்பு சொல்வதில் ஒரு தயக்கமும் இல்லை. "மறைச்சது தப்புத்தான். கட்டிக்கப் போறவங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பயலுக்கு அங்க என்ன வேலை?" என்றார் அப்பா.

பெரியப்பா விடவில்லை. "அந்தப் பொண்ணு மேல என்னடா தப்பு? வாயத் தெறக்காதன்னு அடக்கி வச்சிருப்பாங்கள்ல வீட்டுல, அவங்களச் சொல்லணும்."

"அப்ப மறைக்கக் கூடாதுங்கிறீங்க?" என்றாள் அத்தை.

கேட்காமலேயே அம்மா இன்னொரு தோசையை அப்பாவின் தட்டில் போட்டாள். நாற்றங்காலுக்கு இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று அப்பா சொல்ல, ஆமாம் என்றார் பெரியப்பா. ஒரு நல்ல சண்டை பாதியில் நின்றுபோனதில் எனக்கு ஏமாற்றம்.

அத்தைக்கு வலிப்பு இருந்தது. அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தையல் மெஷினின் இழுப்பறையில் பாபின்களுக்கு அடியில் மாத்திரை அட்டை இருப்பது தெரியும். ஒருநாள் அம்மா அதை உள்ளே தள்ளி மூடிக்கொண்டே, "மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. ஒரு தொழிலைத் தொடங்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாளே தொடங்கிவிட்டேன். அத்தை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆரஞ்சு நகப்பூச்சு வேண்டும் என்றேன். அப்புறம் தருகிறேன் என்றாள். நான் படத்தில் வந்தவனைப் போலவே குரலைத் தாழ்த்தி, "மாத்திரைய மாப்ள வீட்டுல சொல்லிடட்டுமா?" என்றேன்.

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. எழுந்துபோய் நகப்பூச்சை எடுத்துவந்து கொடுத்தாள். நான் பாட்டிலைத்தான் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கண்ணாடி வைத்த துப்பட்டா. அதற்கடுத்த வாரம் ஃபேனுக்கு நேர் கீழே அவள் படுக்கும் இடம். வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் படத்துல அவ என்னதான் செஞ்சிருக்கணும், நீ சொல்லு பாப்பா."

"கேட்டதக் குடுத்துட்டு கம்முனு இருந்திருக்கணும் அத்தை."

அவள் சிரித்துவிட்டாள். "நீதான் ரெண்டாவது பாதியப் பாக்கலயே. அவ குடுத்துக்கிட்டேதான்டி இருக்கா. அவன் கேக்குறது நிக்கவே இல்ல."

பூ வைக்க வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்து, "தலையக் கொஞ்சம் குனிம்மா" என்றார். அத்தை குனியவில்லை.

"பூ வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேங்க. எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை சாப்புடறேன். மூணு வருஷமா வரல. கட்டிக்கப் போறவங்ககிட்ட மொதல்லயே சொல்லிடணும்னு எங்க அண்ணனே சொன்னாங்க."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பூவைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நீங்க ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லங்க" என்று அப்பாவிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாப்பிடாமல் கிளம்பிப்போனார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்து அத்தை என் பெயரைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

அத்தை கெட்டுப்போய்விடவில்லை. இரண்டு வருடம் கழித்து, எல்லாம் தெரிந்தே கேட்டுவந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். மாத்திரை டப்பா ஃபிரிட்ஜின் மேல் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கிறது. போன வாரம்தான் படத்தை நான் கடைசிவரை பார்த்தேன். அந்தப் பெண் கேட்டதையெல்லாம் கொடுத்து, கொடுக்க ஒன்றுமில்லாமல் போன நாளில் அவனை மாடியிலிருந்து தள்ளிவிட்டு ஜெயிலுக்குப் போகிறாள். இழுவை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நகப்பூச்சை நினைத்து வெட்கமாக இருந்தது.

அன்று மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு அத்தை மெஷின் முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் என்னால் வந்தது, என் தொல்லை தாங்காமல்தான் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பெரிய மனது பண்ணி, "அழாதீங்க அத்தை. இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றேன். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். விடவே இல்லை. நான் விடுதலை கொடுத்த சந்தோஷத்தில்தான் அப்படிக் கட்டிக்கொள்கிறாள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அவர்கள் போனதிலிருந்து அந்த வீட்டில் அவளிடம் ஒரு வார்த்தை பேசிய ஆள் நான் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியாது.