மகன் நாக்குக்கு நான் வைத்த வேண்டுதல்

என் மகனுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அப்போது நாங்கள் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். நானே அதிகம் பேசாதவள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்து வீட்டு அக்காதான் எனக்காகப் பதில் சொல்லுவார். பிள்ளையும் என்னைப் போல் வாயடைத்துப் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று, "இவன் வாயைத் திறந்து வை தாயே, வளர்ந்ததும் இவன் நாக்கில் அலகு குத்தி உன்னைச் சுற்றி வர வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மனசுக்குள் சொல்லியிருக்க வேண்டும். முணுமுணுத்துவிட்டேன். பின்னால் நின்ற அக்கா காதில் விழுந்துவிட்டது.

அடுத்த வருடமே அவன் பேசினான். பதினேழு வயதில் கத்தத் தொடங்கினான்.

லயத்தை இடித்த பிறகு நாங்களும் அக்காவும் சபாக் டவுனுக்கு வந்துவிட்டோம். அங்கே ஒரு மோட்டார் பட்டறையில் அவனுக்கு வேலை. வேலை முடிந்ததும் அவனும் ஒரு மலாய்ப் பையனும் ஒரு சீனப் பையனும் கடைவீட்டு மாடியில் பாட்டுப் பழகுவார்கள். பக்கத்துக் கட்டடத்தில், சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவி வளர்த்த சீன முதலாளி, தவுக்கே, குருவியெல்லாம் ஓடிப்போகிறது என்று வீடு தேடி வந்து சத்தம் போட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"இது என்ன பாட்டுடா?" என்று அக்கா அவனைக் கேட்டார்.

"கிரஞ்சு ரோக், பெரிம்மா. மனசுல இருக்கற அழுக்க அப்படியே பாடறது."

"குளிச்சா போவாதாலா அந்த அழுக்கு?"

அவன் சிரித்தான். முகத்தை மூடிய முடி, இந்த வெயிலில் தடித்த கட்டம் போட்ட சட்டை, முட்டி கிழிந்த ஜீன்ஸ். முதல் முதலாக வெளியூர் மேடைக்குப் போகும் முன்பு அந்தக் கிழிசலைப் பார்த்து, ஊரார் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு முட்டியையும் தைத்து வைத்துவிட்டேன். அவன் எடுத்துப் பார்த்தான். வாசலில் உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தான். அன்றிலிருந்து அவன் துணியில் நான் ஊசி வைத்ததில்லை.

முதலில் இங்கிலீஷில் பாடினார்கள். பிறகு அவனே தமிழில் எழுதினான். லயத்தை இடித்த நாளைப் பற்றி ஒரு பாட்டு. அதன் கடைசியில் ஒரு கத்தல் வரும். அதை போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். புல்டோசர் வந்த அன்று நான் கத்த நினைத்துக் கத்தாமல் நின்றேன். அது இவனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் பாட்டுக்குத்தான் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடம் இப்படி ஓடியது. வேண்டுதல் மட்டும் அப்படியே கிடந்தது. சின்னப் பிள்ளை, அப்புறம் பார்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாட ஆரம்பித்த பிறகு அந்த நாக்கில் எப்படிக் குத்துவது என்றேன். அவனிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

இந்த வருடம் கோலாலம்பூரில் ஒரு பெரிய மேடை கிடைத்தது. வெளிநாட்டுப் பாடகர்கள் வரும் மேடை. அதற்கு ஒரு மாதம் முன்பு, பழகும்போதே அவன் குரல் அறுந்தது. வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. குரல் நரம்பில் வீக்கம், மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர்.

அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து அதில் எழுதிக் காட்டினான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த எழுத்து எனக்குப் போதும். 'தண்ணி.' 'பசிக்கல.' 'தூங்குங்க.' வீட்டில் சத்தமே இல்லை. ஆத்தா தன் பாக்கியைக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இடிக்காமல் விட்ட தோட்டக் கோயிலில் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று அக்கா வந்தார். அவன் எதிரிலேயே சொன்னார்.

"எத்தன வருசம் ஆவுது தங்கச்சி? நாக்குல அலகு போடறேன்னு சொல்லி வாங்கின பேச்சு. குடுத்தவ திருப்பி எடுக்க மாட்டாளா?"

அவன் என்னைப் பார்த்தான். நோட்டில் எழுதினான்: 'உண்மையா?'

தலையை ஆட்டினேன்.

'ஏன் சொல்லல?'

 பென்சிலை என் கையில் வைத்தான். நான் அதை நோட்டின் மேலேயே திருப்பி வைத்தேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று மாலை மீன் குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டான். மறுநாள் தரையில் படுத்தான். விரதம் பிடித்துவிட்டான் என்று புரிந்தது. வேண்டாம் என்று சொல்லவும் பயம், விடவும் பயம். அலகு குத்திய இடம் சீழ் பிடித்தால்? வலியில் தன்னை அறியாமல் கத்திவிட்டால்? நானும் மீனை விட்டேன். நானும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன்.

திருவிழா அன்று ஆற்றில் குளித்து மஞ்சள் வேட்டியோடு பூசாரி முன்னால் உட்கார்ந்தான். உறுமி அடிக்கிறார்கள். சுற்றிலும் எங்கள் பழைய தோட்டத்து ஜனம், எல்லாரும் தெரிந்த முகம்.

"நாக்க நீட்டு தம்பி."

நீட்டினான். பூசாரி விபூதி தடவி, சுண்டுவிரல் நீள வேல் ஒன்றை எடுத்தார். அவன் கால் கட்டைவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. 

"பூசாரி, நிறுத்துங்க."

என் குரல்தான். உறுமிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் நாக்க நான் எப்படிக் குடுக்கலாம்? வேண்டினது என் வாய். எனக்குக் குத்துங்க."

"ஒங்க வயசுக்குத் தாங்குமாம்மா? வெரதம் வேணுமே."

"நானுந்தான் இருக்கேன். ஒம்பது நாளாச்சு."

"வேண்டினது மகன் பேருல தங்கச்சி," என்றார் அக்கா. "ஆத்தா ஏத்துக்குவாளா?"

"ஏத்துக்கலன்னா என்னைய வந்து கேக்கட்டும் அக்கா. எங்கிட்டயே கேக்கட்டும்."

அக்காவுக்கு நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மகன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான், தலையை வேகமாக ஆட்டினான். வாயைத் திறக்கப் போனவனின் உதட்டில் விரலை வைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டதால் அந்த வேல் வருவதைப் பார்க்கவில்லை. சில்லென்று ஒன்று உள்ளே போனது, பிறகு வாயெல்லாம் இரும்பு ருசி.

கோயிலை மூன்று சுற்று. அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். சுற்றிலும் எல்லாரும் ஆத்தா பேரைக் கூவினார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசாமல் நடந்தோம்.

மூன்று வாரம் முடிந்து டாக்டர் மெதுவாகப் பேசலாம் என்றார். வீக்கம் வற்றிவிட்டதாம், பழைய உச்சிக் கத்தல் வருமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவன் தொண்டையைச் செருமினான். 

"அம்மா, நாக்கு இன்னும் வலிக்குதா?"

கரகரவென்று, கொஞ்சம் கீழிறங்கிய குரல். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மேடைக்குப் போகும் அன்று அவன் ஜீன்சை நானே துவைத்துக் காயப்போட்டேன். முட்டிக் கிழிசல் இன்னும் பெரிதாகியிருந்தது. அப்படியே மடித்து வைத்தேன்.