கண்காட்சியில் தொங்கிய சட்டை

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பைத் தரம் பிரிக்கும் ஆலை ஒன்றில் கெங்கம்மாளுக்கு வேலை. அங்கே பெண்கள் புடவைக்கு மேல் கணவனின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. அதனால் தாலியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் ஊக்கால் குத்திவைத்து, வேலை முடிந்ததும் மாட்டிக்கொள்வார்கள். வீடுகளுக்கு இது தெரியாது. கணவர் சுப்பராயனுக்குத் தெரிந்தால் கெங்கம்மாளின் வேலை அன்றோடு சரி. அடியும் விழும்.

சென்ற வாரம் சென்னையிலிருந்து ஸ்நேகா என்ற உடை வடிவமைப்பு மாணவி வந்தாள். உழைக்கும் பெண்களின் உடைகளைக் கண்காட்சியில் வைக்கப்போவதாகச் சொல்லி, புதுச் சட்டை கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டாள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தவே, கெங்கம்மாளும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து கழுத்தைத் தொட்ட பிறகுதான் தாலி அந்தச் சட்டைப் பையோடு போய்விட்டது நினைவுக்கு வந்தது.

அன்று முதல் முந்தானையைக் கழுத்தைச் சுற்றியே போட்டிருந்தாள்.

“இன்னா, குளுரா?” என்றார் சுப்பராயன்.

“தொண்ட கட்டிக்கினு கீது.”

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

மேற்பார்வையாளரிடம் ஸ்நேகாவின் போன் எண்ணைக் கேட்கப் பயம். எதற்கு என்பார். புதுச் சட்டை வந்த பையில் கண்காட்சியின் முகவரி இருந்ததை, உடன் வேலை பார்க்கும் ஹெலன்தான் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஹெலன் வீட்டில் விசேஷம் என்று பொய் சொல்லிவிட்டு இருவரும் ரயிலேறினார்கள்.

“சட்டைய தோச்சிருந்தா, ஹெலனு? ஊக்கு கயண்டு எங்கனா வுய்ந்திருந்தா?”

“சும்மா இரு, அக்கா. எனுக்கும் பேஜாரா கீது.”

எழும்பூரில் அந்தக் கூடம் வெள்ளையாக, ஜில்லென்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றப்போனவளை ஹெலன் கிள்ளினாள். உள்ளே உடைகள் கூரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பில் தொங்கின. ஆளில்லாத சட்டைகள் ஏசிக் காற்றில் மெல்லத் திரும்பின. அவளுடையது கோடியில், கைக்கு எட்டாத உயரத்தில், விளக்கு வெளிச்சத்தில் தொங்கியது. சுப்பராயனின் கட்டம்போட்ட சட்டை. நாலு பேர் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எம்பிக் கையை நீட்டினாள்.

“ஏம்மா, தொடாத! தள்ளு, தள்ளு!” காவலாளி ஓடிவந்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திருட வந்தவள் என்று பிடித்துக்கொண்டால்? போலீஸ் வீட்டுக்குப் போன் செய்தால்?

ஹெலன்தான் குறுக்கே வந்தாள். “அது அவங்க சட்ட சார். அந்த ஸ்நேகா பொண்ண கூப்புடுங்க.”

ஸ்நேகா சிரித்துக்கொண்டே வந்தாள். கெங்கம்மாள் அவள் காதில் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“துவைக்கலக்கா. துருக் கறை போயிடக் கூடாதுன்னு அப்படியேதான் மாட்டினோம்.”

ஏணி வந்தது. சட்டை இறங்கியதும் கெங்கம்மாள் வாங்கிக்கொண்டாள். பைக்குள் விரலை விட்டதும் ஊக்கு குத்தியது. தாலி இருந்தது.

“அக்கா…” ஸ்நேகா தயங்கினாள். “இதையும் சேர்த்து வைக்கலாமா? கண்காட்சி முடியுற வரைக்கும். ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும்.”

“ஏன், அவங்க ஊட்டுக்காரரயும் இட்டாறேன். பக்கத்துலயே தொங்கவுடு,” என்றாள் ஹெலன்.

கெங்கம்மாள் அங்கேயே தாலியை மாட்டிக்கொண்டாள். அவசரத்தில் கயிறு இரண்டு முறை காதில் சிக்கியது. நிமிர்ந்தபோது ஒரு பெண்ணின் செல்போன் அவளை நோக்கி நீண்டிருந்தது.

“போட்டோ வோணாம்மா,” என்று கும்பிட்டாள். “அத அயிச்சுடும்மா. எங்க ஊட்ல அவரும் போன் பாக்குறாரு.”

அழித்துவிட்டதாக அந்தப் பெண் திரையைக் காட்டினாள். வேறு யாராவது எடுத்தார்களா என்று கேட்க கெங்கம்மாளுக்குத் தைரியம் இல்லை.

திரும்பும் ரயிலில் கழுத்தில் கிடந்த கயிற்றைப் பிடித்தபடியே வந்தாள். எதிரே ஒருவர் போனை எடுத்தபோதெல்லாம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.