மடைக்கல்லுக்கு அடியில்

எங்கள் ஊர்க் கண்மாய் மடையில் இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்குள் நிற்கும். மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். அதற்கு அடியில் இரண்டு ஆள் ஆழம். சின்ன வயதில், ஊர் உறங்கும் உச்சிவெயிலில் திருட்டுத்தனமாகப் போய், அந்தக் கல்லுக்கடியில் முங்கிக் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பேன். அந்தப் பச்சை வெளிச்சத்துக்காக எத்தனை அடி வாங்கினாலும் தகும்.

திருட்டுத்தனம் எதற்கென்றால், எங்கள் தெருக்காரர்கள் கண்மாயில் குளிக்கக் கூடாது. தண்ணீர் தீட்டாகிவிடுமாம். ஆனால் பாசனத்துக்கு மடை திறக்க, அடியில் முங்கி மடைத்துளையின் அடைப்புக் கட்டையை உருவுகிறவர் யார்? என் அப்பா! அப்போது மட்டும் தீட்டு எங்கே போயிற்றாம்? எந்த ஊர் நியாயமய்யா இது?

சிவகாசியில் வாத்தியாராகச் சேர்ந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்தேன். மறுநாளே துண்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பட்டப்பகலில் பகிரங்கமாகக் குதித்தேன். நாலு முங்கு போட்டிருக்க மாட்டேன், கரையில் நாட்டாண்மையின் குரல் கேட்டது.

"ஏலே, வாத்தியாராயிட்டா கண்மாய் ஒனக்குப் பட்டாவாலே? ஏறுலே வெளிய!"

ஏறினேன். பயந்துதான் ஏறினேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள் அதே நாட்டாண்மை எங்கள் வாசலில் வந்து நின்றார். கட்டை இறுகிவிட்டதாம், பயிர் காய்கிறதாம், அப்பா உடனே வரவேண்டுமாம். அப்பாவுக்கோ பத்து நாளாக நெஞ்சுச்சளி. இருமத் தொடங்கினால் நிற்காது. கட்டை விலகும்போது தண்ணீர் காலை இழுக்கும். மூச்சுத் தப்பினால் ஆள் அங்கேயே அடைபட்டுச் சாக வேண்டியதுதான். அது தெரிந்தும் அந்த மனுஷன் எழுந்து துண்டைத் தேடினார்.

"கூப்பிட்டுட்டாக. போகலைன்னா எப்படிப்பா?"

"நீங்க படுங்க. நான் போறேன்."

மூன்று முங்கில் கட்டை அசைந்தது. நாலாவதில் உருவிக்கொண்டு வந்தது. கால் இழுபட, தூணைக் கட்டிப்பிடித்துத்தான் மேலே வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக் கரையில் ஒரே கொண்டாட்டம்.

"சபாஷ்லே! அப்பனை மிஞ்சிட்டயே!" என்றார் நாட்டாண்மை. "சரி, போதும், வெளிய வா. மாட்டைக் குளிப்பாட்டணும்."

மாடு குளிக்கலாம்!

"மாட்டை இறக்குங்க. நான் இன்னும் குளிச்சு முடியல" என்றேன்.

தூணைப் பிடித்து ஏறி, ஊரே பார்க்கப் பலகைக்கல்லின் மேல் நின்றேன். மடைத்துளைக்கு எதிர்ப்பக்கமாக, ஆழத்தில், தலைகீழாகக் குதித்தேன். அவர் கத்தியது எதுவும் தண்ணீருக்கடியில் கேட்கவில்லை.