எள்ளுச்சோற்றுக் கல்

“…இந்தக் கல்லு பல்லு மாதிரிங்க ஐயா. வெளிய தெரியுறது கொஞ்சூண்டு, வேரு பூமிக்குள்ள எம்புட்டோ போகுது. தொரைகிட்ட அப்படியே சொல்லுங்க,” என்றாள் அக்கா.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி ஐயா அதை மலாயில் மாற்றிச் சொன்னார். ஜப்பான் அதிகாரி கல்லைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பத்தடி தள்ளி, தலையைக் குனிந்தபடி நின்றிருந்தேன். அக்கா சொன்னது பொய். அது பொய் என்று அந்த இடத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அக்காவுக்கு, எனக்கு, என் வீட்டுக்காரருக்கு.

எதற்காக அந்தப் பொய் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் சிரம்பானுக்குத் தெற்கே, சுங்கை காடுட்டையும் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பர் பால் வாங்க ஆள் இல்லை. மரங்கள் வெட்டுப்படாமல் சும்மா நின்றன. மரம் சும்மா நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆள் சும்மா நின்றால்தான் ஆபத்து. வேலை இல்லாத ஆண்களைப் பேர் எழுதி, லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். முதல் லாரியில் போனவர்களில் அக்காவின் புருஷனும் ஒருவர். அவரிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. போன யாரிடமிருந்தும் வரவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் பெண்கள் சயாம் என்ற பேரையே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “அவ வீட்டுக்காரரு அந்தப் பக்கம் போயிட்டாரு” என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் கேட்கிறவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

எங்கள் தோட்டத்துப் பின்பக்கம் ஒரு கல்லுமலை இருந்தது. பழைய துரை நாளில் சாலைக்குச் சல்லி உடைத்த இடம். ஜப்பான்காரர்களும் புதிதாக ஒரு சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் கல் வேண்டியிருந்தது. அங்கே வேலைக்கு எடுத்த ஆண்களுக்கு ஆளுக்கொரு துணிப்பட்டை கொடுத்தார்கள், கையில் கட்டிக்கொள்ள. பட்டை கட்டிய ஆளை லாரியில் ஏற்ற மாட்டார்கள். என் வீட்டுக்காரர் குளிக்கும்போதுகூட அதை அவிழ்க்கவில்லை. கல் தீர்ந்தால் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதற்கு அப்புறம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கல்லுமலை என்கிற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல் உடைக்கிற இடம் எதுவானாலும் நம் ஆட்கள் அதைக் கல்லுமலை என்றுதான் சொல்வார்கள். பள்ளமாகக் கிடந்தாலும் கல்லுமலைதான். எங்களுடையது சாதாரண மேடு. முன்பக்கம் ஆள் உயரத்துக்கு, இரண்டு ஆள் உயரத்துக்கு உருண்டை உருண்டையாகக் கருங்கல். பின்னால் புல்லும் புதரும். கிராணி ஐயா அதை மலாயில் ‘புக்கிட் பாத்து’ என்று சொன்னார். சொல்லுக்குச் சொல் சரிதான். அதிகாரி தன் பாஷையில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்தபோது அது அடியிலிருந்து உச்சி வரைக்கும் கல்லாகவே ஆன ஒரு மலையாகிவிட்டது. சாலை முழுவதற்கும் இந்த ஒரு இடமே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நாங்கள் எப்போதும் சொல்கிற சொல்லைச் சொன்னோம், அவ்வளவுதான்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை, அடுத்த வீட்டுக்காரி. ஊரில் கல் உடைக்கிற குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆண்கள் பாறையைப் பிளந்து கீழே உருட்டிவிடுவார்கள், நாங்கள் பெண்கள் உட்கார்ந்து அதைச் சல்லியாக உடைப்போம். எந்தக் கல்லை எந்தப் பக்கம் அடித்தால் பிளக்கும் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோரே அவளிடம் வந்துதான் கேட்பார்.

அது பசிக் காலம். அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது, இரண்டு வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அதனாலோ என்னவோ, கல்லுக்கெல்லாம் சாப்பாட்டுப் பேராக வைத்திருந்தோம். எங்கள் கருங்கல்லை உடைத்தால் வெள்ளை வெள்ளையாக மணி, நடுவில் கறுப்புப் பொட்டு. அது எள்ளுச்சோறு. தோட்டத்து ரோட்டில் கொட்டுகிற, பொத்தல் விழுந்த செங்கல் நிறக் கல்லுக்குப் பேர் பணியாரம். பாறை நடுவே வெள்ளைக் கோடாக ஓடுகிற பளபளப்பான கல் கற்கண்டு.

“இன்னிக்கு உன் வீட்டுல என்னடி சமையல்?” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள்.

“எள்ளுச்சோறுதான். நீ?”

“எங்க வீட்டுல விருந்துலா. எள்ளுச்சோறு, பணியாரம், கடைசியில கற்கண்டு.”

“கூப்பிடவே இல்லியே பாவி. ஒரு வாய் மிச்சம் வச்சிருந்தா ஒடச்சுத் தின்னுட்டுப் போறேன்,” என்பாள் அக்கா. சிரிப்போம். சிரித்தால் வயிறு வலிக்கும், அப்போதும் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு அப்பளத்தோடு நின்றுபோயிற்று. லுக்குட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் இதே மாதிரி கல் வேலை நடந்தது. அங்கே கிடைத்தது ஏடு ஏடாகப் பிரிகிற கல். ஒரு லாரி நிறைய எங்கள் சாலைக்கு வந்து கொட்டினார்கள். அக்கா ஒன்றை எடுத்து விளிம்பில் தட்டினாள், நான்காகப் பிரிந்தது. “அப்பளம்,” என்றாள். நாங்கள் சிரித்தோம். மறுநாள் மழையில் லாரிகள் அதன்மேல் போய் வந்தன. சாயங்காலம் பார்த்தால் சாலையில் கல்லே இல்லை, சாம்பல் நிறச் சகதிதான் இருந்தது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரமே லுக்குட் தோட்டத்தில் கல் உடைத்த ஆண்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று கிராணி ஐயா வந்து சொன்னார். அப்புறம் யாரும் கல்லுக்குப் புதிதாகப் பேர் வைக்கவில்லை.

பொய் சொல்ல வேண்டி வந்த நாள் காலையில், என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நானும் அக்காவும் மட்டும் இருந்த இடத்துக்கு வந்தார். முகமே சரியில்லை.

“அக்கா, பெரிய உருண்டைய நகத்திட்டோம். மத்தவங்க நகந்தப்புறம் நான் மட்டும் அதுக்குப் பின்னால கடப்பாரைய விட்டேன். ணங்குன்னு கேக்கல.”

“பின்ன எப்படிக் கேட்டுச்சு?”

“சத்தமே இல்ல. பாதிக்கு மேல உள்ள போயிடுச்சு.”

அக்கா எழுந்து போனாள். கையை மூடியபடி திரும்பி வந்து, என் முன்னால் விரித்தாள். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பிடி. உற்றுப் பார்த்தால் அதே மணி, அதே பொட்டு, எள்ளுச்சோறேதான். ஆனால் அவள் கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

“புட்டு,” என்றாள்.

“எவ்வளவு தூரத்துக்குக்கா?”

“மேடு பூராவும் புட்டுதான். அதுக்குள்ள அங்கங்க உருண்ட பொதஞ்சு கெடக்கு. முன்னால துருத்திக்கிட்டிருந்த உருண்டையப் பாத்து நாம மலைன்னு சொல்லிட்டோம். இதுக்கு வேரே இல்ல, தங்கச்சி.”

என் வீட்டுக்காரர் கையில் இருந்த பட்டையை மறுகையால் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

“வெளிய கெடக்குறது எத்தன நாளு வரும்?” என்று கேட்டார்.

“இந்த வேகத்துல ஒடச்சா ஒரு வாரம். மெதுவா ஒடச்சா ஒரு மாசம். கைய மெதுவா ஆட்டுங்க, வாய மட்டும் சீக்கிரமா மூடிக்குங்க.”

சயாமுக்கு ஆள் ஏற்றுகிற அடுத்த லாரி ஐந்து நாளில் வருகிறது என்று பேச்சு இருந்தது. “அந்த லாரி போற வரைக்கும் இது கல்லா இருக்கணும். போனப்புறம் வேற உருண்ட தேடிக்கலாம்,” என்றாள் அக்கா. மூன்று பேரும் உடைந்த கல்லை அள்ளிக்கொண்டுபோய் அந்த மஞ்சளை மறைத்து அடுக்கினோம். தரையை ஒட்டி, ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்த அளவுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. அதற்குள் அதிகாரி வருகிற லாரிச் சத்தம் கேட்டது.

பல வருடம் கழித்து, என் மகளின் பூகோளப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான், அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்தது என்ன என்று எனக்குப் பிடிபட்டது. பாறைகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள். பூமிக்குள் உருகிக் கிடக்கிற குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. எங்கள் எள்ளுச்சோறு இந்தக் கூட்டம், கிரானைட் என்று போட்டிருந்தது. குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறினால் மணி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகிவிடுமாம். ஆழத்தில் போர்த்திக்கொண்டு மெல்ல மெல்ல ஆறியதால்தான் இது இப்படிப் பெரிய மணியாகத் திரண்டது. சர்க்கரைப் பாகை ஆடாமல் அசையாமல் நாள் கணக்கில் வைத்தால் கற்கண்டு பெரிதாகக் கட்டுமே, அந்த மாதிரி. நாங்கள் எள் என்றது கறுப்புக் காக்காப்பொன், அதாவது மைக்கா.

ஆற்றிலும் கடலிலும் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே ஏறிய பாரத்தில் இறுகினால் அது படிவுப் பாறை. எந்தப் பாறையானாலும் மறுபடி ஆழத்தில் மாட்டி, சூட்டிலும் நெருக்கத்திலும் குணம் மாறினால் உருமாறிய பாறை. லுக்குட் அப்பளம் அப்படி மாறிய பழைய சேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுக்கு மட்டும் விட்டுப்போகவில்லை. பணியாரத்தை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று நெடுநாள் தேடினேன். மழை மற்றதையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, மிஞ்சிய இரும்பு மண்ணோடு சேர்ந்து இறுகியதாம் அது.

புட்டுக்கும் புத்தகத்தில் இடம் இருந்தது. பாறைச் சிதைவு என்று தலைப்பு. பாறையில் இருக்கிற வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, வெள்ளை மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்கிவிடுகிறது. முதலில் மூலைகள் போகும். தண்ணீரில் போட்ட வெல்லக்கட்டி மாதிரி, நடுவில் உருண்டை மட்டும் மிஞ்சும். நம் நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் அது ஆழம்வரை இறங்கிவிடும். மேட்டின் உருவம் மாறாது, மணிகூட இருந்த இடத்திலேயே இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும். அதற்கும் அடியில், யாரும் தோண்டாத ஆழத்தில், நல்ல பாறை இருந்திருக்கலாம். அது அன்றைக்கு எங்களுக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது.

லாரியிலிருந்து அதிகாரி இறங்கினார், கிராணி ஐயா பின்னால் ஓடி வந்தார். அவர் வந்தால் எல்லோரும் எழுந்து, இடுப்பை வளைத்து, அவர் போதும் என்கிற வரைக்கும் குனிந்து நிற்க வேண்டும். போன மாதம் ஒரு கிழவர் முதுகு வலியில் சீக்கிரம் நிமிர்ந்துவிட்டார். அவருக்கு இன்னும் ஒரு காது கேட்பதில்லை.

“பாத்து பாஞாக்?” என்றார் அதிகாரி.

“கல்லு நெறைய இருக்கான்னு கேக்குறாரு,” என்று கிராணி ஐயா அக்காவைப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்லும்மா. இருக்குன்னு சொல்லிட்டு நாளைக்கு இல்லாம போச்சுன்னா லிஸ்ட்டுல என் பேரும் வந்துரும்.”

அப்போதுதான் அக்கா பல்லையும் வேரையும் பற்றிச் சொன்னாள்.

கிராணி ஐயா மாற்றிச் சொல்லி முடித்தார். அதிகாரி தலையை ஆட்டவில்லை, கோபப்படவும் இல்லை. இடுப்பில் தொங்கிய வாளை உறையோடு கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பாறையின் ஒரு பக்கத்தை உறையின் நுனியால் தட்டினார். ணங் என்று கேட்டது. இரண்டடி நகர்ந்து அடுத்ததைத் தட்டினார். அதுவும் ணங். தட்டிக்கொண்டே, நாங்கள் அடுக்கிய கல்லின் பக்கம் நடந்தார். அங்கே தரையோடு அந்த மஞ்சள் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. இன்னும் நாலு எட்டு. என் வீட்டுக்காரர் மேலே, கடப்பாரையை ஊன்றிக் குனிந்து நின்றார். அவர் கைப்பட்டை காற்றில் லேசாக ஆடியது.

அக்கா நிமிர்ந்தாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை. அதிகாரியைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து போய், அவருக்கு முன்னால், அந்த மஞ்சளின் மேல் முதுகு முழுவதையும் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை இழுத்து வைத்து, தலையை நிமிர்த்தாமல் உடைக்கத் தொடங்கினாள்.