அம்மா கால் வைக்கிற கம்பி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இன்னும் நடக்காத ஒரு கொலைக்காகக் கக்கூஸுக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். கொலையாகப் போகிறவள் என் அம்மா. வெளியே அவள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கைமாறி வந்த ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தார். எண்பதுகளில் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் மோட்டார் சைக்கிள். மறுநாள் வத்தலக்குண்டில் பெரிய மாமாவின் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சு. அரிசி மில் வைத்திருந்த மாமா, ஒவ்வொரு விசேஷத்துக்கும் நாங்கள் பஸ்ஸில் கசங்கி வந்து நிற்பதைப் பார்த்து, "வாங்க மாப்ள, இன்னைக்காச்சும் உக்கார எடம் கெடச்சுச்சா?" என்று வாசலிலேயே கேட்பார். அப்பா சிரிப்பார். ஆனால் ஊர் திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். இந்த முறை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, வண்டியிலேயே போய் இறங்குவது என்று முடிவாகியிருந்தது.

சேலை கட்டியவர்கள் ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்க இடப்பக்கம் ஒரு கம்பி வேண்டும். அதை மெக்கானிக்கிடம் கொடுக்காமல் தானே மாட்டுவதாக அப்பா சொல்லிவிட்டார். அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். சாக்பீஸைத் தவிர வேறெதையும் கையால் திருகியவர் இல்லை. காலை முழுக்க ஸ்பானரோடு மல்லுக்கட்டி, இரண்டு போல்ட் போட்டு முறுக்கி, "முடிஞ்சுச்சு" என்று எழுந்தார். முகம் மட்டும் முடிந்த மாதிரி இல்லை.

"கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாரேன். யாரும் வண்டியத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்க, மனிதர் ஏன் சைக்கிளில் போகிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தொடக்கூடாது என்ற சொல் மட்டும் காதில் தேனாக இறங்கியது.

என் பங்குக்கும் ஒரு சுற்று இருக்கட்டும் என்று மேல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. போல்ட்டின் தலை அப்படியே கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் பச்சையாக ஏதோ பிசுபிசுப்பு. அந்த வாரம்தான் தினமும் பச்சை முட்டை குடிக்க ஆரம்பித்திருந்தேன். இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை. தலையை இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துவிட்டுக் கக்கூஸுக்குள் ஓடினேன்.

உள்ளே இருட்டில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. செம்பட்டி தாண்டியதும் கம்பி கழன்று விழும். அம்மா சாலையில் கிடப்பாள். மாமா மில் லாரியோடு வருவார். பயணத்தையே நிறுத்திவிட்டால் தப்பலாம்.

"அம்மா, எனக்கு வயித்து வலி. நாளைக்கு ஊருக்குப் போக முடியாது" என்று கத்தினேன்.

"அப்ப நீ வீட்லயே இரு அப்பு. பக்கத்து வீட்டு அத்தகிட்டச் சொல்லிட்டுப் போறேன்."

இதை நான் யோசிக்கவில்லை. அம்மா போய்ச் சேர்வாள். தினமும் பாகற்காய் வைக்கும் அந்த அத்தையிடம் நான் வளர்வேன். கதவைத் திறந்துகொண்டு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா அடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து வண்டியருகே குந்தினாள். போல்ட் தலையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஏலே, சோப்பு வச்சு ஒட்டுனது நீயா?"

"இல்லம்மா. நான் சும்மா வச்சேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன்.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் பூட்டு வேலை. அம்மாவும் பட்டறையிலிருந்து வரும் சாவிகளுக்குப் பல் அராவிக் கொடுப்பாள். இன்னொரு போல்ட்டைக் கழற்றிக் கம்பியை எடுத்தாள். வண்டிக்குள் ஒடிந்து நின்ற துண்டு நகத்தளவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. குறடு வைத்தால் வழுக்கியது. உடனே சாவிக்குப் பல் வெட்டும் மெல்லிய அரத்தை எடுத்து வந்து, அந்தத் துண்டின் நடுவில் ஒரு கோடு அராவ ஆரம்பித்தாள். கோடு ஆழமானதும் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள்.

"செத்த நேரம் ஊறட்டும். நீ போயி இந்த நல்ல போல்ட்டக் காட்டி, இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா."

நான் சைக்கிள் கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி, போல்ட்டோடு திரும்பியபோது அம்மா கோட்டில் திருப்புளியை வைத்து, கால் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று தாஜா செய்துகொண்டிருந்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் துண்டு தானாகவே புறப்பட்டு வந்த மாதிரி வந்தது. கம்பியைத் திரும்ப மாட்டி, புதியதைப் போட்டு முறுக்கி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இம்புட்டுதான். இதுக்கு மேல ஆசப்பட்டா ஒடையும். அப்பாகிட்ட மூச்சு விடாத."

சாகும் வரை விடமாட்டேன் என்று அவள் தலையிலேயே கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அப்பா திரும்பியபோது முகம் வாடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வெல்டிங் பட்டறைகூடத் திறந்திருக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டியருகே உட்கார்ந்து மேல் போல்ட்டை விரலால் தொட்டார். நிமிண்டினார். ஸ்பானர் வைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"என்னத்தப் பாக்குறீங்க? நீங்க முறுக்குனதுதான?" என்றாள் அம்மா, அரிசியைக் களைந்தபடி.

"ஆமா... பின்ன" என்றார். கீழே சிந்திக் கிடந்த இரும்புத் தூளை விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை நான் டாங்கின் மேல், அம்மா பின்னால், அந்தக் கம்பியில் காலை ஊன்றி மகாராணியாக. வத்தலக்குண்டில் மாமா வாசலுக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கம்பியைக் காலால் மிதித்து அசைத்தார்.

"நல்லா கெட்டியா இருக்கே. யாரு மாப்ள மாட்டுனது?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க தங்கச்சிதான்" என்றார் அப்பா.

பந்தலே சிரித்தது. மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா மட்டும் சிரிக்காமல் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காது வரை சிவந்து, பால் பானையைப் பார்க்க உள்ளே போனாள். அப்பாவும் சிரிக்கவில்லை. அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விளையாட்டுக்கு ஒரு பொய்யைச் சொல்லப்போய், அப்பா தனக்கே தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அந்த வீட்டிலேயே விஷயம் முழுதும் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்று, வண்டியருகே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.