நட்சத்திரம் இல்லாத அகராதி

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு 'வேர்க்காரி' என்று பெயர். சொற்களின் வேரைத் தோண்டுவதுதான் பிழைப்பு. சமஸ்கிருதத்தில் பிதா, லத்தீனில் பாதெர், ஆங்கிலத்தில் ஃபாதர். ஒன்றில் 'ப' வருகிற இடத்தில் இன்னொன்றில் 'ஃப' வருகிறதா என்று சொல் சொல்லாகப் பார்த்து, இவற்றுக்கெல்லாம் தாயான மொழியில் அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்று கணிப்பாள். அந்தத் தாய்மொழியில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அதனால் கணித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். இது ஊகம், எங்கும் எழுதிக் கண்டதில்லை என்று அதற்குப் பொருள்.

அச்சாகி வந்த அகராதியில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அவளுக்கு உச்சி சுட்டது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பதிப்பாளர் அறைக்குப் போனாள்.

"பக்கம் பூரா ஈ மொய்ச்ச மாதிரி இருந்துச்சும்மா. அழகுக்காக எடுத்தோம். அர்த்தம் மாறலையே?"

"மாறிடுச்சு சார். ஊகம்னு எழுதிக் குடுத்ததை உண்மைன்னு ஆக்கிட்டீங்க."

அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பினார்.

வெளியீட்டு விழாவில் சிறப்புப் பேச்சாளர் அகராதியை உயர்த்திக் காட்டினார். ஆதிச்சொல் இதோ அச்சில் இருக்கிறது, இதைப் பேசியவர்கள் நம் முன்னோர், மற்றவரெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்றார். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் கையைப் பிடித்து இழுக்க இழுக்க அவள் எழுந்தாள்.

"ஐயா, அந்தச் சொல்லை யாரும் காதால கேட்டதில்லை. என் மேசையில உட்கார்ந்து நான் கணிச்சது அது. போன வருஷம் வேற மாதிரி கணிச்சிருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். சகோதரி உணர்ச்சிவசப்படுகிறார் என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சாளர் தொடர்ந்தார். வீடு போகும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். எல்லார் முன்னாலும் எதற்கு வம்பு என்று கணவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் யாரையும் கேட்காமல் கிடங்கில் போய் உட்கார்ந்து, விற்காத பிரதிகளில் சிவப்புப் பேனாவால் நட்சத்திரம் போட ஆரம்பித்தாள். பதிப்பாளர் வந்து விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும்வரை ஓயவில்லை. சிவப்புக் குறியோடு கடைக்குப் போன பிரதிகளை வாங்கியவர்கள், இது என்ன குறி என்று பதிப்பாளருக்குப் போன் போட்டுத் துளைத்தார்கள்.

அடுத்த பதிப்பில் குறிகள் வந்துவிட்டன. பதிப்பாளர் பெருமையாக முதல் பிரதியை நீட்டினார். அவள் நாலு பக்கம் புரட்டினாள்.

"லத்தீன் சொல்லுக்கும் போட்டு வெச்சிருக்கீங்க. அதைக் கல்லுலயே செதுக்கி வெச்சிருக்காங்க சார்."

புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனாள்.