பித்தப்பைக் கல் என்று சொன்னது

உடம்பைக் குறைக்க முதல் ஆபரேஷன் செய்துகொண்டபோது, மாமியாரிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டோம். உண்மை தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தது தெரிந்தால், "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை அறுத்துக்கினா" என்று தெருவே பேசும். அப்போது எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது.

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அத்தை என்னைத் தேற்றத் தொடங்கினார். அறுத்த உடம்புக்குத் தெம்பு வேண்டுமாம். சோறு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பாயசம் மட்டும் தடையில்லாமல் இறங்கியது. "இதையாவது குடிச்சிடு கண்ணு, ரொம்ப எளச்சிட்ட" என்பார். இளைக்கத்தானே அறுத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? குடித்தேன்.

முதல் வருடம் குறைந்ததெல்லாம் மூன்றாம் வருடம் திரும்பி வந்தது. கூடவே சர்க்கரையும் வந்தது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை கோயில் வரைகூட நடக்க முடியாமல், பாதி வழியில் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். எழுபது வயதுக்காரர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள்.

போன மாதம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். இரைப்பை மறுபடி விரிந்துவிட்டது, இந்த முறை குடலை மாற்றி இணைக்க வேண்டும் என்றார்.

"ரிஸ்க் முன்னைவிட ஜாஸ்திம்மா. பலன் கம்மியாவும் இருக்கலாம். இதுவும் நிக்கலைன்னா, அப்புறம் செய்யறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. சமைச்சுப் போடறவங்களுக்கு விஷயம் தெரியணும்."

அன்றே சமையலறையில் வைத்துச் சொன்னேன். "அத்தை, அது கல் ஆபரேஷன் இல்லைங்க."

முழுவதையும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "நானே ஊத்தி ஊத்திக் குடுத்துக் கெடுத்துட்டேனேம்மா" என்று அழுதார்.

அவர் கொடுத்தது ஒரு டம்ளர்தான். அவர் கண்ணயர்ந்த மதியங்களில் மிச்சத்தை வழித்துக் குடித்தவள் நான். கூடாது என்று தெரிந்தே குடித்தேன். அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. முதுகைத் தடவி, "உங்க மேல தப்பில்லைங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை அட்மிஷன். கத்தி என்னை மாற்றும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அத்தை அன்றிலிருந்து தானும் பாதிச் சோறுதான் சாப்பிடுகிறார். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழித்துக் குடித்ததை இன்னும் சொல்லவில்லை.